தப்பான விடைக்குப் பிறகு என்ன நடக்கிறது? லேசான கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு இணையப் பயிற்சி தேர்ந்தெடுப்பது

பத்து நிமிடத்தில் முப்பத்தொரு நட்சத்திரம். திரையில் பலூன் பறந்தது, கைதட்டல் கேட்டது, என் மாணவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ல, ள, ழ வேறுபாட்டுக்காக நான் தேடிப் பிடித்துக் கொடுத்த இணையப் பயிற்சி அது. அடுத்த பாடவேளையில் அதே சொற்களில் பத்தைத் தாளில் எழுதச் சொன்னேன். மூன்று சரி. பயிற்சிக்கு முன்பும் மூன்றுதான் சரியாக இருந்தது.

மறுநாள் அவன் பின்னால் நின்று பார்த்தேன். கேள்வி வந்ததும் முதல் விடையைத் தட்டுகிறான். தப்பென்றால் அது மங்கி மறைகிறது. இரண்டாவதைத் தட்டுகிறான். அதுவும் போனால் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. நட்சத்திரம் எப்படியும் விழுந்துவிடும். சொல்லைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தளம் எதைக் கற்றுக்கொடுத்ததோ அதை அவன் சுத்தமாகக் கற்றுக்கொண்டுவிட்டான்.

அன்றிலிருந்து எந்தப் பயிற்சி கண்ணில் பட்டாலும் நான் முதலில் செய்வது, வேண்டுமென்றே தப்பான விடையைத் தட்டுவதுதான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. அப்போது திரை என்ன செய்கிறது என்பதில்தான் ஒரு பயிற்சிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் தெரிகிறது. கீழே நான் ஒப்பிடும் ஐந்து வகைகளையும் இந்த ஒரு கண்ணால்தான் பார்க்கிறேன். வண்ணம், இசை, பரிசு எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேடு கற்றல் குறைபாட்டை லேசானது, மிதமானது, கடுமையானது என்று மூன்றாகப் பிரிக்கிறது. லேசானது என்றால், ஒன்றிரண்டு பாடத்திறன்களில் சிரமம் இருக்கும். ஆனால் பொருத்தமான வசதியும் உதவியும் கிடைத்தால் பிள்ளை சமாளித்துவிடும். அறிவுத்திறனில் குறை என்று இதற்கு அர்த்தமே இல்லை. வாசிப்பில் தடுமாறினால் டிஸ்லெக்ஸியா, எண்களில் என்றால் டிஸ்கால்குலியா, எழுதுவதில் என்றால் டிஸ்கிராஃபியா என்று பொதுவாகச் சொல்கிறோம். பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள் சாதாரண வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். வாய்விட்டுக் கேட்டால் பளிச்சென்று பதில் வரும், தாளைக் கொடுத்தால் ஒன்றும் வராது. “சோம்பேறி” என்ற பட்டம் இவர்களுக்குத்தான் அதிகம் கிடைக்கிறது.

இவர்களுக்கு இணையப் பயிற்சியில் இடறும் இடங்கள் வேறு. “கீழ்க்காணும் சொற்களை உரிய பெட்டிக்குள் இழுத்து விடுக” என்ற ஒரு வரியைப் படித்து முடிக்கவே பாதித் தெம்பு போய்விடும். மீதித் தெம்பில்தான் பயிற்சி. ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய சுமைக்கு எல்லை உண்டு என்பதை 1988இலேயே கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் ஒரு கோட்பாடாக எழுதினார். பாடத்துக்குத் தொடர்பில்லாத அசைவும் ஓசையும் அந்த எல்லைக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மற்ற பிள்ளைகளுக்கு ஆடும் குரங்கு ஒரு அலங்காரம். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அது பாடத்தோடு போட்டி போடும் இன்னொரு வேலை.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. வாசிப்புக்கான பெரிய தளங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. b-யும் d-யும் இடம்வலமாகத் திரும்பிப்போகும் சிக்கலுக்கு அங்கே நூறு விளையாட்டு கிடைக்கும். நம் பிள்ளை தடுக்கி விழும் இடம் வேறு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ வந்தால் ஒரே உயிரொலி, எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது. ‘கௌதாரி’யில் உள்ள குறியையும் ள-வையும் கண்ணால் பிரிக்கவே முடியாது. ன-ண-ந, ர-ற, ல-ள-ழ என்ற மயங்கொலிகள் இதற்கு மேல். ஆங்கிலப் பயிற்சியை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டால் இவற்றில் ஒன்றைக்கூட அது தொடாது. தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது “தமிழில் இருக்கிறதா” என்று மட்டும் கேட்டால் போதாது. “தமிழுக்கு என்று யோசித்துச் செய்ததா” என்றும் கேட்க வேண்டும்.

சரி, வகைகளுக்கு வருவோம்.

போட்டி வினாடி வினா

கஹூட் இதற்குப் பெயர்போனது. நார்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்தது. கேள்வி பொதுத் திரையில் வரும், பிள்ளைகள் தங்கள் கையிலுள்ள கருவியில் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து விடையைத் தட்டுவார்கள். சீக்கிரம் தட்டினால் அதிக மதிப்பெண். வகுப்பே கலகலப்பாகும், அதை மறுக்கவில்லை.

ஆனால் மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு இது இரண்டு பக்கமும் இடி. கேள்வியை முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்; முடிந்ததும் யார் முந்தினார்கள் என்ற பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வரும். தப்பான விடைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று என் கேள்வியை இங்கே கேட்டால், சரியான விடை எது என்று காட்டிவிட்டு அடுத்த கேள்வி வருகிறது, அவ்வளவுதான். ஏன் தப்பு என்று நின்று சொல்ல ஆசிரியர் நிறுத்தினால்தான் உண்டு. கூச்சல் நடுவே பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை.

இதையும் கொஞ்சம் பழக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கேள்விக்கும் நேரத்தைக் கூட்டலாம். அவரவர் வேகத்தில் செய்யும் பயிற்சியாகக் கொடுத்து டைமரை நிறுத்திவிடலாம். தனி ஆட்டமாக இல்லாமல் குழு ஆட்டமாக வைக்கலாம். அப்படி வைத்தாலும், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாடத்தைக் கிளறிப் பார்க்கத்தான் இதை வைத்துக்கொள்வேன். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்க இது கருவியே இல்லை.

பாடமும் பயிற்சியும் வரிசையாக உள்ள தளங்கள்

கான் அகாடமி இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்கில் மிக ஆழம். வீடியோவை நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், வேகத்தைக் குறைக்கலாம். ஆசிரியரிடம் “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று ஐந்தாம் முறை கேட்கக் கூசும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். பயிற்சியில் நேரக்கெடுவும் இல்லை.

தப்பு செய்தால் மறுபடி முயலலாம், அல்லது குறிப்பு கேட்கலாம். குறிப்புகள் ஒவ்வொரு படியாகத் திறக்கும். கடைசிப் படியில் முழு விடையும் வந்துவிடும். தாளில் கணக்குப் போட்டுக் காட்டும் ஒரு பொறுமையான ஆசிரியரைப் போல. ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது. குறிப்பைத் திறந்தால் அந்தக் கேள்வி சரியானதாகக் கணக்கில் சேராது. பிள்ளைகள் இதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். உதவி கேட்டால் மதிப்பெண் போகும் என்று தெரிந்தவுடன், உதவி மிகவும் தேவைப்படும் பிள்ளைதான் முதலில் குறிப்பை மூடிவிட்டு ஊகித்துத் தட்ட ஆரம்பிக்கும். நான் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன்: முதல் சுற்றில் எல்லாக் கேள்விக்கும் குறிப்பைத் திறந்தே ஆக வேண்டும் என்பது விதி. மதிப்பெண் சுழியம்தான் வரும், வரட்டும். இரண்டாவது சுற்றுதான் கணக்கு.

இன்னொரு தொல்லை, வகுப்பின் பெயர். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கழித்தல் தேவைப்படலாம். அந்தப் பக்கத்தைத் திறந்தால் தலைப்பிலேயே “3” என்று எழுதியிருக்கும். பக்கத்து இருக்கைக்காரன் எட்டிப் பார்த்தால் போதும், அன்றைய பாடம் முடிந்தது. முகப்புப் பக்கம் வழியாக அனுப்பாமல், குறிப்பிட்ட பயிற்சியின் இணைப்பை நேராகக் கொடுத்தால் இது பெருமளவு தவிரும். சின்ன விஷயம்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் மானம் சின்ன விஷயம் இல்லை.

பெரிய குறை, வாசிப்புச் சுமை. எண் தெரிந்த பிள்ளையும் வாக்கியக் கணக்கில் வாக்கியத்தைத் தாண்ட முடியாமல் நிற்கும். அப்போது தளம் “கணக்கு வரவில்லை” என்று ஆசிரியருக்கு அறிக்கை அனுப்பும். வராதது கணக்கா, வாசிப்பா என்று அந்த அறிக்கைக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை வாய்விட்டு வாசித்துக் காட்டிப் பாருங்கள். விடை வந்துவிட்டால் சிக்கல் எங்கே என்று புரிந்துவிடும்.

தொட்டு நகர்த்தும் பயிற்சிகள்

இந்த வகை மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற தொகுப்பில் அறிவியலுக்கும் கணக்குக்கும் ஏராளமான பயிற்சிகள் உள்ளன. இலவசம், தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கின்றன. கணக்குக்கு மட்டும் என்றால் பாலிபேட் இருக்கிறது: பின்னப் பட்டைகள், எண் வில்லைகள், தராசு எல்லாவற்றையும் வெற்றுத் திரையில் இழுத்துப் போட்டு அடுக்கலாம்.

இதன் பின்னால் உள்ள யோசனை பழையது. உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் சொன்னது: முதலில் கையால் செய்து, பிறகு படமாகப் பார்த்து, அப்புறம் குறியீட்டுக்குப் போவது. சிறப்புக் கல்வியில் இதையே பொருள், படம், குறியீடு என்ற வரிசையில் நெடுநாளாகச் செய்துவருகிறார்கள். கையில் பிடிக்கும் பொருளுக்குப் பதில் திரையில் நகரும் பொருளை வைத்தும் இந்த வரிசையைப் பின்பற்றலாம்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டால் “நாலுதான் பெரிசு, அதனால நாலில் ஒண்ணு” என்பாள் ஒரு மாணவி. பலமுறை விளக்கியாகிவிட்டது. விளக்கும்போது தலையாட்டுவாள், மறுநாள் பழைய பதிலே வரும். திரையில் முழுப் பட்டை ஒன்றை வைத்து, அதன் கீழே மூன்றில் ஒன்று பட்டைகளை அடுக்கச் சொன்னேன். மூன்று பிடித்தது. அதற்குக் கீழே நான்கில் ஒன்று. மூன்றை வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். “இடம் மீதி இருக்கே” என்றாள். இன்னொன்றை இழுத்து வைத்தாள், நிரம்பியது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நிறைய பேர் வந்தா ஆளுக்குக் கொஞ்சமாத்தான் கிடைக்கும்” என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தப்பான விடைக்குப் பிறகு இங்கே நடந்ததைக் கவனியுங்கள். சிவப்புப் பெருக்கல் குறி வரவில்லை, ‘ம்ஹூம்’ என்ற சத்தம் வரவில்லை. பட்டை நிரம்பவில்லை, அவ்வளவுதான். தப்பு அவள் மேல் விழவில்லை. திரையிலேயே கிடந்தது, கையால் எடுத்துச் சரிசெய்தாள். எழுதவே தடுமாறும் பிள்ளைக்கு இன்னொரு லாபமும் இதில் உண்டு, பென்சிலைத் தொடாமலே சிந்திக்க முடிகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. சும்மா திறந்துவிட்டுப் போனால் பட்டைகளைக் கோபுரமாக அடுக்கி விளையாடுவார்கள். அதுவும் ஐந்து நிமிடத்துக்கு நல்லதுதான், அதற்கு மேல் பாடம் இல்லை. மூன்று நான்கு கேள்விகள் எழுதிய ஒரு சிறு தாள் பக்கத்தில் இருக்க வேண்டும். வாசிக்க முடியாதவர்களுக்கு அந்தக் கேள்விகளைக் குரலாகப் பதிந்து கொடுக்கலாம். அப்புறம், பிள்ளை என்ன புரிந்துகொண்டது என்று எந்த அறிக்கையும் தானாக வராது. உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. வாசிப்புக்கும் எழுத்துக்கும் இந்த வகையால் பெரிய பயன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இணையத்தில் கிடைப்பது என்றைக்கும் இருக்கும் என்று நம்புவதும் ஆபத்து. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 1999இல் தொடங்கிய மெய்நிகர் கணக்குப் பொருள்களின் நூலகம் ஒரு காலத்தில் பல ஆசிரியர்களின் கைக்கோலாக இருந்தது. அது ஜாவா என்ற மென்பொருளை நம்பியிருந்தது. உலாவிகள் ஜாவாவைக் கைவிட்டதும் முடங்கியது. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷ் என்ற இன்னொரு மென்பொருளின் ஆதரவு நின்றபோது இன்னும் எத்தனையோ பயிற்சிகள் ஒரே நாளில் இருண்டன. ஓர் ஆண்டுப் பாடத்திட்டத்தை ஒற்றைத் தளத்தின் மேல் கட்ட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நாமே செய்துகொள்வது

முப்பத்தொரு நட்சத்திரக்காரனுக்குக் கடைசியில் கைகொடுத்தது இதுதான். எச்5பி என்ற திறந்தமூலக் கருவியில் சொல்வதெழுதுதலுக்கு என்றே ஒரு வகைப் பயிற்சி உண்டு: நம் குரலில் சொல்லைப் பதியலாம், மெதுவாகச் சொல்லும் இரண்டாவது பதிவையும் சேர்க்கலாம். லூமி என்ற இலவச மென்பொருள் இருந்தால் தளம் எதுவும் இல்லாமல் கணினியிலேயே எச்5பி பயிற்சிகளைச் செய்து பார்க்கலாம். லேர்னிங்ஆப்ஸ் தளத்தில் பொருத்துதல், வகைப்படுத்துதல் போன்ற அச்சுகள் தயாராக உள்ளன. பிள்ளைகள் லாகின் செய்யாமலே இணைப்பு வழியாகச் செய்யலாம். இது பெரிய வசதி, ஏனென்றால் எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்குப் பாஸ்வேர்டைத் தட்டுவதே முதல் தோல்வியாகிவிடுகிறது.

நான் செய்தது எளிமையானது. எட்டே சொற்கள். ஒவ்வொரு திரையிலும் ஒரு படம், ஒரு ஒலிப் பொத்தான், இரண்டு விடை. கிளி, கிலி. வால், வாள். மழை, மலை. பின்னணி வெள்ளை, இசை இல்லை, டைமர் இல்லை. ஒவ்வொரு தப்பான விடைக்கும் அதற்கே உரிய பதிலை எழுதினேன். வாலைக் காட்டும் படத்துக்கு ‘வாள்’ என்று தட்டினால், “இது போரில் வீசுவது. குரங்கின் பின்னால் இருப்பது எது?” என்று வரும், அதே வரி என் குரலிலும் கேட்கும். பொதுவாக “தவறு, மீண்டும் முயல்க” என்று எழுதுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தப்பான சொல்லுக்கும் ஒரு பொருள் உண்டு, அது வேறொன்றைக் குறிக்கிறது என்பது அப்போதுதான் மனதில் பதிகிறது.

கூகுள் ஃபார்ம்ஸிலும் ஓரளவு இதைச் செய்யலாம். பல விடைக் கேள்வியில் எந்த விடையைத் தட்டினால் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று கட்ட முடியும். தப்பாகத் தட்டியவருக்கு ஒரு படமோ சிறு வீடியோவோ காட்டி, பழைய கேள்விக்கே திருப்பி அனுப்பலாம். ஒலியை நேரடியாகப் பதிந்து சேர்க்க வழியில்லை என்பது மட்டும் இடைஞ்சல்.

விலை என்ன? நேரம். ஐந்து நிமிடப் பயிற்சிக்கு எனக்கு முதலில் ஒரு மணி நேரம் ஆனது. கை பழகியபின் அரை மணி. ஒரு வகுப்பில் இப்படி நான்கு பிள்ளைகள், நான்கு விதமான தடுமாற்றம் என்றால் ஆசிரியர் தூங்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் நாமே செய்வது என்று கிளம்ப வேண்டாம். வேறெங்கும் கிடைக்காததை மட்டும், ஒரு பிள்ளையின் நோட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒரே பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எச்5பி கோப்பை இறக்கி இன்னொருவருக்குக் கொடுத்தால் அவர் சொற்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூன்று ஆசிரியர்கள் சேர்ந்தால் ஒரு பருவத்துக்குள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிடும்.

தேடிக் கண்டுபிடிக்கும் பணிகள்

“இணையத்தில் தேடி எழுதி வா” என்பது இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். பத்து இணைப்பில் எதைத் திறப்பது, நீண்ட பக்கத்தில் எது வேண்டியது, எது விளம்பரம் என்று பிரிப்பதெல்லாம் வாசிப்பில் கைதேர்ந்தவர்களுக்கே வேலை. இதற்கு மாற்றாக 1995இல் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெர்னி டாட்ஜ் உருவாக்கிய வெப்குவெஸ்ட் முறை இன்றும் உதவும்: பணி என்ன, படிகள் என்ன, பார்க்க வேண்டிய பக்கங்கள் எவை என்று எல்லாவற்றையும் ஆசிரியரே முன்கூட்டிக் கட்டிக் கொடுப்பது. மூன்று பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். விடையைக் குரலாகவோ படமாகவோ தரவும் அனுமதியுங்கள். தப்பு செய்தால் இங்கே யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், பிள்ளைக்கே தெரியாது. அதனால் இது கடைசியில் வரட்டும், தோழனோடு சேர்ந்து செய்யும் வேலையாக.

எந்த வகையானாலும் அடியில் இருக்க வேண்டியது

வாசித்துக் காட்டும் வசதியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. மைக்ரோசாஃப்டின் இம்மெர்சிவ் ரீடர் பக்கத்திலுள்ள குப்பைகளை நீக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு வரியை மட்டும் வெளிச்சமிட்டுக் காட்டி, வாசித்தும் காட்டும். எட்ஜ் உலாவியின் வாசிப்புக் குரல் தமிழிலும் உண்டு. இப்படி வாசித்துக் காட்டும் கருவிகள் வாசிப்புச் சிரமம் உள்ளவர்களின் புரிதலுக்கு உதவுகின்றனவா என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த சாரா வுட் குழுவினர் 2018இல் சராசரிப் பயனளவு 0.35 என்று கண்டார்கள் (சுழியம் என்றால் பயனே இல்லை, 0.2 சிறியது, 0.5 நடுத்தரம் என்பது வழக்கம்). அற்புதம் இல்லை, ஆனால் ஒரு பொத்தானை அழுத்துவதற்கு இவ்வளவு கிடைத்தால் வேண்டாம் என்பானேன்? “வாசித்துக் காட்டினால் அவன் வாசிக்கவே கற்கமாட்டான்” என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அறிவியல் பாடவேளையில் நமக்கு வேண்டியது அறிவியல். வாசிப்புக்குத் தனிப் பாடவேளை இருக்கிறது.

டிஸ்லெக்ஸியாவுக்கென்று செய்த சிறப்பு எழுத்துருக்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஓபன்டிஸ்லெக்ஸிக் எழுத்துருவைச் சோதித்த ஆய்வு ஒன்றில் வாசிப்பு வேகமும் கூடவில்லை, துல்லியமும் கூடவில்லை. எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டினால் பயன் உண்டு என்று 2012இல் இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் மார்கோ சோர்சி குழுவினர் கண்டார்கள். தமிழ் எழுத்துக்கு இதைப் பொருத்துவது என் சொந்த ஊகம்: வரிகளுக்கு நடுவே இடம் விடுவது, எழுத்தைப் பெரிதாக்குவது, ஒரு திரையில் நான்கு வரிக்கு மேல் போடாமல் இருப்பது. காசும் ஆகாது, கெடுதலும் இல்லை.

யாருக்கு எது

வாசிப்பில்தான் சிக்கல் என்றால் நான் நாமே செய்யும் சிறு பயிற்சியில் தொடங்குவேன். தினமும் பத்து நிமிடம், ஒரே பிழை, எட்டுச் சொல். ஓரிரு வாரம் போனபின் கதைத் தளம் ஒன்றைச் சேர்ப்பேன். ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்கில் சிக்கல் என்றால் நகர்த்தும் பட்டைகள் முதலில், பாடத்தளத்தின் பயிற்சி இரண்டாவது. இந்த வரிசையை மாற்றினால் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு மறுவாரம் மறப்பார்கள். எழுதுவதில் மட்டும் சிக்கல் என்றால் ஏறக்குறைய எல்லா வகையும் சரிவரும், விடையைத் தட்டச்சு செய்யக் கட்டாயப்படுத்தாத வரை. போட்டி வினாடி வினாவை மாதம் ஒருமுறை, குழுவாக, நேரத்தைக் கூட்டி.

வகுப்புக்கு ஒரே கணினி, நேரமும் குறைவு என்பவர்களுக்கு எதைப் பரிந்துரைப்பது என்று கேட்டால், தயங்காமல் நகர்த்தும் பயிற்சியைச் சொல்வேன். பெரிய திரையில் போட்டு, ஒருவர் நகர்த்த மற்றவர்கள் சொல்லலாம். யாருக்குக் குறைபாடு என்று தனியாகத் தெரியாது.

இவ்வளவு ஒப்பிட்டபின் என்னையே கொஞ்சம் அசைத்துப் பார்த்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். கிராஃபோகேம் என்று ஒரு வாசிப்பு விளையாட்டு. பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் டிஸ்லெக்ஸியா ஆராய்ச்சியிலிருந்தே பிறந்தது, ஒலியையும் எழுத்தையும் பிணைப்பதில் இவ்வளவு கவனமாகச் செய்த விளையாட்டுகள் அரிது. பல நாடுகளில் அதைச் சோதித்த ஆய்வுகளை எரின் மெக்டீக் குழுவினர் 2020இல் தொகுத்துப் பார்த்தார்கள். சொல் வாசிப்பில் சராசரிப் பயன் ஏறத்தாழ சுழியம். ஆனால் பெரியவர் ஒருவர் நன்றாக ஈடுபட்டிருந்த ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பயனளவு 0.48. விளையாட்டு அதேதான், பக்கத்தில் ஆள் இருந்தாரா என்பதுதான் வித்தியாசம்.

இதைப் படித்தபின் என் கால அட்டவணையை மாற்றினேன். முன்பெல்லாம் ஒரு பிள்ளையைக் கணினியில் உட்காரவைத்துவிட்டு இன்னொரு குழுவுக்குப் போய்விடுவேன். அதைத்தான் கணினியின் லாபம் என்று நினைத்தேன். இப்போது நாற்பது நிமிடம் தனியாக விடுவதைவிட, பத்து நிமிடம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். விடையைத் தட்டும் முன் “ஏன் அது?” என்று மட்டும் கேட்பேன். ஊகித்துத் தட்டும் பழக்கம் அந்த ஒரு கேள்வியில்தான் உடைந்தது. உட்கார ஆளில்லை என்றால் இரண்டு பிள்ளைகளை ஒரு திரை முன் வைத்து, ஒருவர் காரணம் சொன்னால்தான் மற்றவர் தட்டலாம் என்று விதி வைக்கலாம்.

நட்சத்திரக்காரனிடம் சில வாரம் கழித்து, நீயே ஒரு கேள்வி செய் என்று லேர்னிங்ஆப்ஸைத் திறந்து கொடுத்தேன். புத்தகப் பையோடு ஒரு சிறுவன் நடக்கும் படத்தைத் தேடி எடுத்தான். கீழே இரண்டு விடை: பள்ளி, பல்லி. தப்பாகத் தட்டுபவருக்கு என்ன எழுதலாம் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, ள-வையும் ல-வையும் இரண்டு முறை அழித்துத் திருத்தி, தட்டினான்: “இது சுவத்துல ஊரும். பையத் தூக்கிட்டு அங்க போவியா?”